பதினெட்டாம் நம்பர் கடிதம்

— பதினேழுக்கு அப்புறம் பத்தொம்பது வந்திருக்கு. பதினெட்டு எங்க, இந்திரகுமாரி அக்கா?

— எங்கையாவது தவறியிருக்கும், செல்லன். கடிதப் புத்தகத்தை மூடிப்போட்டு வேட்பாளர் படிவத்தை, அந்தப் போராங்கை நிரப்புங்கோ. நாலு மணிக்குள்ள கோலா சிலாங்கூர் கட்சி ஆபீஸ்ல குடுக்கவேணும்.

— தவற முடியாதுலா. கடுதாசில நம்பர் குத்துற இந்த முத்திர சாப்ப ரிப்பேர் பண்ணதே நான்தானே. பாருங்க, உள்ளார வரிசையா சக்கரம். ஒரு தடவ அமுக்குனா பல்லு ஒண்ணு நகரும், நம்பர் ஒண்ணு ஏறும். பின்னால வராது. பதினெட்டு எது மேலயோ விழுந்திருக்கு.

— மேசையில விழுந்திருக்கும்.

— மேசைய பாத்துட்டேன். மேசைக்குக் கீழயும் பாத்துட்டேன்.

— நாங்கள் இங்க இருக்கிறது சாப்புக்கோ, சேதுவுக்கோ?

— சேதுவுக்குத்தான். அவருக்கு தேர்தல்ல சீட்டு குடுக்க கட்சிக் கிளைத் தலைவர் நான், செயலாளர் நீங்க, ரெண்டு பேரும் கையெழுத்து போடணும். ஒரு கேள்விதான் பாக்கி. "வேட்பாளர் மீது புகார் உண்டா? கிளையின் கருத்து என்ன?" நாலு வரி எடம் விட்டிருக்காங்க. ஒரு ஆளோட மானத்துக்கு நாலு வரி.

— ரெண்டு ஆளின்ர மானம்.

— ஆமா, புகார் குடுத்த மோகனாவும் இருக்கு. அப்ப ஆளுக்கு ரெண்டு வரி.

— நான் முப்பது வருஷம் கோர்ட்டில மொழிபெயர்த்தனான். நிரூபிக்கிற வரைக்கும் ஆள் நிரபராதி. அதை எத்தினை தரம் என்ர வாயால சொல்லியிருப்பன். அதையே எழுதுங்கோ.

— அது ஜெயிலுக்கு அனுப்புறதுக்கு உண்டான சட்டம்க்கா. நாம சீட்டு குடுக்குறோம். எங்க மில்லுல பாய்லருக்கு ஒரு ஆள் எடுக்குறாங்கன்னு வைங்க. அவன் மேல ஒரு பேச்சு வந்தா அவனத் தூக்குல போட மாட்டாங்க. ஆனா பாய்லர கையில குடுக்குறதுக்கு முன்ன ஒரு தடவ விசாரிப்பாங்க.

— நீங்கள் விசாரிச்சனீங்களோ?

— விசாரிச்சேன். மோகனா சேதுவோட கவுன்சிலர் ஆபீஸ்ல வேல பாத்துச்சுல்ல? ஒரு நா எல்லாரும் போனப்புறம் கதவச் சாத்திப் பூட்டிட்டு கையப் புடிச்சாராம். வீட்டு மனுவுல கையெழுத்து வேணும்னா பொறுத்துப் போன்னாராம். சேதுவ கேட்டா, கதவு தானா சாத்திக்கிச்சுங்குறாரு.

— தானாச் சாத்துமோ?

— ஈஜோக்குல அவரு ஆபீஸுக்கே போயி கதவ பாத்தேன். மேல ஸ்பிரிங் போட்டிருக்கு. பத்து தடவ தொறந்து விட்டேன், பத்து தடவையும் தானா சாத்துச்சு. பூட்டு மட்டும் ஒரு தடவ கூட தானா விழல. அதக் கையால திருப்பணும்.

— அப்ப சேது பொய்யோ?

— அவரு சாத்துனதப் பத்திதான் பேசுனாரு. பூட்டுனீங்களான்னு கேட்டா, இல்லங்குறாரு. பாத்தது ரெண்டே பேரு. கதவ சாட்சிக்கு கூப்புட முடியாது.

— கூப்பிட்டாலும் அதையும் நான்தான் மொழிபெயர்க்கவேணும்.

— அதான் கதவ விட்டுட்டேன். தேதிய வச்சு எழுதிட்டேன்.

— என்ன தேதி?

— சேது பேரு வேட்பாளரா வந்தது ஞாயித்துக்கெழம. மோகனா கடுதாசி வந்தது திங்கக்கெழம. நடந்தது போன வருசமாம். ஒரு வருசம் வாயத் தொறக்காம, பேரு வந்த மறுநா கடுதாசி போட்டா, எவன் எழுத வச்சான்னு ஊருல கேப்பாங்களா மாட்டாங்களா?

— ஏன் பிந்தினதெண்டு அவளிட்டக் கேட்டீங்களோ?

— கேட்டேன். "நான் எப்ப சொன்னேன்னு உங்க ஆபீஸ்லயே கேளுங்க"ன்னுச்சு. கோவத்துல பேசுதுன்னு வந்துட்டேன்.

— நாலு வரியையும் வாசியுங்கோ.

— "புகாரை நிரூபிக்க ஆதாரம் இல்லை. சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்தில் புகார் எதுவும் வரவில்லை. வேட்பாளர் பெயர் வெளியான பிறகே வந்தது. ஆகவே இது தேர்தலுக்காகச் சொல்லப்பட்ட பொய் என்று கிளை கருதுகிறது."

— கடைசி வரி வேண்டாம்.

— நீங்கதானே நிரபராதின்னு எழுதச் சொன்னீங்க?

— சேதுவை நிரபராதி எண்டு எழுதலாம். மோகனா பொய் சொன்னவள் எண்டு எழுதினா அதுவும் ஒரு குற்றச்சாட்டுத்தானே. அதுக்கும் நிரூபணம் வேணும்.

— அதுக்குத்தான் தேதி இருக்கேக்கா. ரெண்டாவது வரிதான் அச்சாணி. அத உருவுனா மத்ததெல்லாம் கழண்டுரும். இந்த போராங் வெளிய போனா அந்தப் பொண்ணு நம்ம தாமான் வீட்டு வரிசையில தல நிமுந்து நடக்க முடியாது. எனக்கும் தெரியுது. அதுக்காக வராத புகார வந்துச்சுன்னு எழுதவா?

— பதினேழாம் நம்பர் என்ன கடிதம்?

— இப்ப சாப்பப் பத்தி நீங்க கேக்குறீங்க. பதினேழு... தெருவெளக்கு எரியலன்னு காளியம்மா போட்டது. போன வருசம் ஜூன் ஒம்போது. பத்தொம்பது, வெளக்கு எரியுதுன்னு நன்றி சொல்லி அவங்களே போட்டது. ஜூன் இருவது.

— மோகனா சொல்லுற சம்பவம் எப்ப?

— ஜூன் பதினொண்ணு. ஏன்க்கா, தண்ணி குடிக்கிறீங்களா? மொகம் ஒரு மாதிரி இருக்கு.

— நீங்கள் சொன்னது சரி, செல்லன். அந்தச் சாப்பு தவறாது. நான் முதல்ல குத்துவன், பிறகு வாசிப்பன், பிறகு புத்தகத்தில பதிவன்.

— அதுதானே முறை.

— ஒரு தரம் அப்பிடித்தான் ஒரு கடிதத்தைக் குத்திப்போட்டு வாசிச்சன். நிரூபணம் எங்கையெண்டு யோசிச்சன். ஒரு மனுசன்ர பேர் கெட்டுப்போகுமெண்டு பதியாமல் விட்டுட்டன். அந்தப் பிள்ளை என்ர முன்னாலதான் நிண்டவள். பொறுத்துப் போ எண்டு சொல்லி அனுப்பினன்.

— சேது சொன்ன அதே வார்த்தைக்கா.

— ஓம். கடிதத்திலயும் அந்த வார்த்தை இருந்தது. வாசிச்சுப்போட்டுத்தான் சொன்னன்.

— ...அப்ப என் ரெண்டாவது வரி?

— முதல் வரியை விட்டுட்டு மற்றதெல்லாத்தையும் வெட்டுங்கோ. சேது செய்தவனோ இல்லையோ எனக்குத் தெரியாது, அதை மேலிடம் விசாரிக்கட்டும். அவள் எப்ப சொன்னவள் எண்டது மட்டும் எனக்குத் தெரியும்.

— வெட்டுன எடத்துல என்ன எழுத?

— எழுதுங்கோ: "மோகனாவின் புகார் சென்ற ஆண்டு ஜூன் பன்னிரண்டாம் தேதியே கிளைக்கு வந்தது. பதினெட்டாம் எண் குத்திய அந்தக் கடிதம் செயலாளர் இந்திரகுமாரியின் வீட்டு அலமாரியில் இருக்கிறது."