பதிலுக்கு ஒரு பச்சை

ராத்திரி ஒன்றே முக்கால் மணி. மணியாச்சி ஜங்ஷனை விட்டு எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம் போகிற ரோடு. இரண்டு பக்கமும் கரிசல்... ஒரு விளக்கு கிடையாது. போன தீபாவளி அன்றைக்கு. சாயங்காலம் பெய்த மழையில் காடு முழுக்கக் களியாகக் கிடந்தது.

ஏலே முத்துமணி, மெழுகுவர்த்தி தேடாதே. பட்டாசுக் கடைக்குள் உட்கார்ந்து தீக்குச்சி கிழிக்கப் பார்க்கிறாயே, உன்னை வேலைக்கு வைத்த என் புத்தியைச் சொல்ல வேண்டும். கரண்ட் வருகிறவரை இருட்டிலேயே இருங்கள். கதை கேட்க வெளிச்சம் எதற்கு?

நம் தெரு லிங்கராஜின் மச்சான் செல்வகணேஷ். பத்து வருஷம் பட்டாசு ஆலையில் மருந்து கலந்தவன். வானத்தில் ஒரு வெளிச்சம் எழும்பினால் போதும், அதில் என்ன மருந்து, எத்தனை பங்கு என்று சொல்லிவிடுவான். அப்புறம் மலேசியா போனான். ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் பாய்மரப் படகில் சமையல் வேலை. சாப்பாடு, தூக்கம், எல்லாம் அந்தப் படகில்தான்.

போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி அவனுக்குக் கடலில். ஆடுகிற அடுப்பில் முறுக்கு சுட்டான். கிழவருக்கும் தலையில் எண்ணெய் தேய்த்துவிட்டான். அவர் வேட்டி கட்டி, அது அவிழ அவிழச் சிரித்திருக்கிறார். ராத்திரி அவர் கீழே போய்ப் படுத்துவிட்டார். இவன் மட்டும் மேல்தட்டில். கரையில் வாங்கிய ராக்கெட் ஒரு பெட்டி. ஊர் ஞாபகம் வந்தது. ஒன்று விட்டான். பச்சை.

தூரத்தில், கடலுக்கு மேலே... ஒரு சிவப்பு எழும்பியது.

வெடிக்கவில்லை. சத்தமே இல்லை. அப்படியே தொங்கி... மெதுவாக இறங்கியது. யாரோ நம்மைப்போலத் தீபாவளி கொண்டாடுகிறார்கள், நல்ல சரக்கு என்று நினைத்தான். பதிலுக்கு ஒரு பச்சை விட்டுக் கை தட்டினான். மறுபடி சிவப்பு. மறுபடி பச்சை. மூன்று தடவை. அப்புறம் அங்கிருந்து ஒன்றும் இல்லை. மருந்து தீர்ந்திருக்கும் என்று படுத்துவிட்டான்.

காலையில் காப்பி கொடுக்கும்போது பெருமையாகச் சொன்னான். கிழவர் கோப்பையைக் கீழே வைத்தார். கடலில் சிவப்பு விட்டால் ஒரே அர்த்தம்தான் என்றார். முழுகுகிறோம், வாருங்கள்.

தேடிப் போனதில் மத்தியானம் கிடைத்தது. கவிழ்ந்த மீன்பிடிப் படகு. டீசல் நாற்றம். ஆள் ஒருவரும் இல்லை. பக்கத்தில் மிதந்த பலகை ஒன்றில் கைப்பிடி மாதிரி சட்டையைச் சுற்றியிருந்தார்கள். பச்சையைப் பார்த்து, நம்மைப் பார்த்துவிட்டார்கள் என்று நம்பி, அந்தப் பலகையால் இவனை நோக்கித் துடுப்புப் போட்டிருக்கிறார்கள். கரையில் போலீஸ் கேட்டது: ராத்திரி எதையாவது பார்த்தாயா? ஒன்றும் பார்க்கவில்லை என்றான். கிழவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த வாரமே ஊர் வந்துவிட்டான்.

இப்போது ரோட்டுக்கு வருவோம். அவன் ஊர் வந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. மணியாச்சியில் ரயிலை விட்டு இறங்கி, ஸ்டேஷனில் விட்டிருந்த பைக்கில் தனியாக வருகிறான். ஒன்றே முக்கால். கரிசலுக்கு நடுவில்... ஒரு சிவப்பு எழும்பியது. சத்தம் இல்லை. தொங்கி... மெதுவாக இறங்கியது.

பைக்கைப் போட்டான். "வாரேன்... வாரேன்..." என்று கத்திக்கொண்டு காட்டுக்குள் ஓடினான். இந்தத் தடவை போயே தீர வேண்டும் என்று. நூறடி போவதற்குள் தொடைவரை களி. அசைய முடியவில்லை. டீசல் நாற்றம் வந்தது. பக்கத்தில் மரக்கட்டை இடிக்கிற சத்தம். டொக்... டொக்... காலில் ஏதோ சுருக்கென்று கொத்தியது.

அப்போது ரோட்டில் ஒரு பைக் வந்து நின்றது. உயிர் வந்தது அவனுக்கு. "இங்கன இருக்கேன்! பாம்பு கடிச்சிட்டு!" தொண்டை கிழியக் கத்தினான்.

தலைக்கு மேலே மறுபடியும் சிவப்பு. ரோட்டிலிருந்து... பச்சை ராக்கெட் ஒன்று எழும்பியது. கை தட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் பைக் போய்விட்டது.

காலையில் களை எடுக்க வந்தவர்கள்தான் தூக்கினார்கள். கண்ணாடிவிரியன். ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தான். ராத்திரியே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்றார் டாக்டர்.

"அண்ணாச்சி, பாத்த மாதிரி சொல்லுதிய... ரோட்டுல நின்னது யாரு?"

நீ கேட்பாய் என்று தெரியும் முத்துமணி. நான்தான்.

கடை சாத்தி, விற்காத பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தேன். சிவப்பைப் பார்த்தேன். நம் கடையில் வாங்காத சரக்காக இருக்கிறதே என்றுதான் என் வியாபார புத்தி போனது. கூப்பாடும் கேட்டது. குடித்துவிட்டுக் கூத்தடிக்கிறார்கள் என்று நினைத்தேன். அவன் பையில் ஒரு தீப்பெட்டிகூட இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. அப்படியானால் அந்தச் சிவப்பை விட்டது யார்? எனக்கு இன்றுவரை தெரியாது.

அவனைத் தூக்கிய அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு லிங்கராஜோடு போனேன்; அப்போது அவனுக்கு நினைவு இருந்தது. செல்வகணேஷின் காலில் காய்ந்திருந்த கரிசல் மண்ணில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. லிங்கராஜ் மருந்து வாங்கப் போன நேரத்தில்தான் இவ்வளவையும் என்னிடம் சொன்னான். சொல்லிவிட்டுக் கேட்டான்.

"நீங்களும் அந்த ரோட்டுலதானே வந்திய அண்ணாச்சி... யாரையும் பாத்தியளா?"

"ஒண்ணும் பாக்கலையேப்பா" என்றேன்.

என்னையே பார்த்தான். என் கையைத் தடவிக்கொடுத்தான். அவன் கை சில்லென்று, ஈரமாக இருந்தது.

"பரவாயில்ல அண்ணாச்சி. நானும் அப்படித்தான் சொன்னேன்."