குட்டிமா தும்மல்

முதலிலேயே சத்தியம் செய்துவிடுகிறேன். இனி நான் சொல்லப்போவதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. நாற்காலியைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள், வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும். முகம் பார்த்துப் பேசுவது என் பழக்கம்.

என் மாப்பிள்ளையின் பாட்டை மறுபடி அச்சடிக்கப் போகிறீர்கள், நோட்ஸில் பிழை ஏதும் உண்டா என்று கேட்க வந்திருக்கிறீர்கள். பிழை இல்லை. குற்றம்தான் இருக்கிறது.

நாற்பது வருடம் வாத்தியக் குழுக்களுக்கு நோட்ஸ் பிரதி எழுதியவன் நான். ஐந்து கோடுகள், அவற்றில் சில புள்ளிகள். ஆனால் அந்தப் புள்ளிக்கு இருக்கும் அதிகாரம் எந்த அரசாங்க உத்தரவுக்கும் கிடையாது. ஒரு தடவை எழுதிக்கொண்டிருந்தபோது மூன்றாவது கோட்டில் ஒரு கொசுவை அடித்தேன். துடைக்க மறந்துவிட்டேன். பிரதி எடுக்கிறவர்கள் அதையும் விசுவாசமாகப் பிரதி எடுத்தார்கள். கச்சேரியில் பதினெட்டு வயலின்களும் ஒன்றாக அந்தக் கொசுவை வாசித்தன. யாரும் முகம் சுளிக்கவில்லை. காகிதத்தில் இருந்தது, வாசித்தார்கள். நோட்ஸின் பெருமை அதுதான். எழுதியவன் செத்தாலும், மொழியே தெரியாத ஊரில் கொண்டுபோய் வைத்தாலும், எழுதியபடி ஒலிக்கும்.

மாப்பிள்ளை, அதாவது என் தங்கையின் கணவன், இந்தப் பெருமையில் நம்பிக்கை இல்லாத ஆள். பியானோ வாசிப்பான். ஆனால் ஒரு புள்ளி படிக்கத் தெரியாது. மூன்று நான்கு கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் வருகிற கார்டுகளுக்கு உலகம் முழுக்க ஒரே பெயர்தான், சி மேஜர், ஏ மைனர் என்று. அவன் தானே பெயர் வைத்துக்கொண்டான். ஒன்று ‘ஈரத்துணி’. ஒன்று ‘கதவு திறந்திருக்கு’. ஒன்று ‘மச்சான் வந்தாச்சு’. அது என்னைப் பற்றியது. கனமாக இருக்கும் என்று சொல்லுவான். பாட்டெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இந்தப் பெயர்களாக வரிசையாக இருக்கும். வேறு யாராவது எடுத்துப் பார்த்தால் சலவைக்காரர் கணக்கு என்று நினைப்பார்கள்.

அதிலே ஒரு பெயர் ‘குட்டிமா தும்மல்’. மகள் ஏழு மாதக் குழந்தையாக அவன் மடியில் இருந்தபோது தும்மினாள். திடுக்கிட்டதில், வாசித்துக்கொண்டிருந்த கார்டில் அவன் விரல் ஒன்று நழுவி, ஒட்டி ஒட்டி இருக்கும் இரண்டு கட்டைகளில் சேர்ந்து விழுந்தது. குழந்தை சிரித்துவிட்டது. அதற்குப் பிறகு அவளுக்காகக் கட்டிய அந்தப் பாட்டில் நாற்பத்தோரு இடத்தில் அந்தத் தும்மலை வைத்தான்.

தங்கை இறந்துபோன மறுவருடம் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. வலப் பக்கமும் பேச்சும் போய்விட்டன. குட்டிமா என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

“மாமா, அந்தப் பாட்டைப் பெரிய குழு ஒண்ணு வாசிச்சு அப்பா ஒரே ஒரு தடவை கேட்டுட்டுப் போகட்டும். உங்களை விட்டா எழுத ஆள் இல்ல.”

சரி என்றேன். மூன்று வாரம் அவன் கட்டிலுக்குக் குறுக்கே சின்னக் கீபோர்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். நான் நோட்டுப் புத்தகத்தில் பெயரைக் காட்டுவேன். அவன் இடது கையால் கட்டைகளை அழுத்துவான். நான் பார்த்து எழுதிக்கொள்வேன். தும்மல் வரும்போதெல்லாம் அழுத்திவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்து அந்தக் கீபோர்டுப் பெட்டியின் மேல் வைத்துக்கொள்வான். பக்கவாதம் வந்தவன், ஏதோ பிடிமானத்துக்குச் செய்கிறான் என்று விட்டுவிட்டேன்.

அந்தத் தும்மலை நோட்ஸில் எழுத முடியாது என்று இல்லை. இரண்டு புள்ளிகளை ஒட்டி வைத்தால் தீர்ந்தது. அதற்கு முறையான பெயரும் உண்டு, கொஞ்சம் நீளமான பெயர். ஆனால் காகிதத்தில் பார்த்தால் மை சிந்தினதுபோல இருந்தது. ஒத்திகையில் எவனாவது எழுந்து, “ஐயா, இது சரியா, கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க” என்பான். நாற்பத்தோரு தடவை என்பான். எனக்கு அந்தக் கேள்வி பிடிக்காது. போதாததற்கு, அந்த உரசல் என் காதுக்கு நாராசமாகவும் இருந்தது. ஆகவே ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு புள்ளியை எடுத்துவிட்டேன். நாற்பத்தொன்றும் சுத்தமான, எல்லோருக்கும் தெரிந்த மேஜர் கார்டுகள் ஆயின. பிறகு அந்த நோட்டுப் புத்தகத்தை அடுப்பில் போட்டேன். ஒரே பாட்டுக்கு இரண்டு பிரதி இருந்தால் குழப்பம் வரும். தொழிலில் முதல் பாடமே அதுதான்.

ஒத்திகை முடிந்து குழுத் தலைவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இவ்வளவு தெளிவாக எழுதி அவர் பார்த்ததே இல்லையாம், ஒருவருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லையாம்.

கச்சேரி அன்று மாப்பிள்ளையைச் சக்கர நாற்காலியில் முன்வரிசையில் வைத்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் தும்மலுக்கு முந்தின இடத்தில் அவன் முகம் மலர்ந்து வந்தது. பிறகு நின்றது. இடது கை நாற்காலியின் கைப்பிடியில் இரண்டு விரலை ஒட்டி வைத்து அழுத்தியது. அடுத்த இடத்தில் இன்னும் பலமாக. ஒவ்வொரு இடத்திலும் அழுத்தினான், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. நகம் வெளுத்துப்போனது. கண்ணீர் காலரை நனைத்தது. பின்வரிசையில் இருந்த அம்மாள், தாளம் போடுகிறார் பாவம் என்று குட்டிமாவின் தோளைத் தொட்டுக் காட்டினார். குட்டிமாவும் அழுதாள், சந்தோஷமாக.

எழுந்து நிறுத்தச் சொல்லியிருக்கலாம். எது தப்பு, பாடிக் காட்டுங்கள் என்பார்கள். ஆகவே நானும் தாளம் போட்டேன். நாற்பத்தொன்றையும் நான் எண்ணினேன். முப்பதுக்கு மேல் அவன் அழுத்தவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்த பிறகு அவன் கீபோர்டைத் தொடவில்லை. எட்டாம் நாள் போய்விட்டான். குட்டிமா கேட்டாள், “அப்பா நிறைவாத்தானே போனார், மாமா?”

“ஆமாம்மா.”

“தும்மல் எங்க வருதுன்னு எனக்குத்தான் பிடிபடல. இத்தனை வயசாகியும் என் பாட்டே எனக்குப் புரியல பாருங்க.”

போகப் போகப் புரியும் என்று சொன்னேன்.

இப்போது பதினான்கு ஊர்களில் அதை வாசிக்கிறார்களாம். எல்லா ஊரிலும் நான் எழுதியபடியே, ஒரு புள்ளி பிசகாமல். அந்த இன்னொரு புள்ளி எதுவென்று உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். வேண்டுமானால் இப்போதே எழுதித் தருகிறேன். ஆனால் நீங்களே சொல்லுங்கள், இப்போது இருக்கிறபடிதானே கேட்க இனிமையாக இருக்கிறது? நான் தப்பு செய்தேன், ஒப்புக்கொள்கிறேன். பாட்டைக் கெடுத்தேன் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த மண்டபத்தில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டவன் நான்.

மாப்பிள்ளைக்குப் பக்கவாதம் வருவதற்கு நான்கு வருடம் முன்பே எனக்கு இரண்டு காதும் அடியோடு கேட்காமல் போயிருந்தது.