நரகலோகத்தின் பக்கக் கதவு

நரகத்தில் மின்சார விளக்கு இருக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம். அதைச் சொல்லத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன், ஐயா. பொருட்காட்சியில் நரகலோகம் தீப்பிடித்ததற்கு மின்சாரக் கோளாறு காரணம் என்று நீங்கள் எழுதியிருப்பதாக டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். அது சரியில்லை. உள்ளே இருந்த பல்புகளை நானே கழற்றிவிட்டேன். கம்பியைக்கூட விட்டுவைக்கவில்லை. வேலை தெரியாதவன் கட்டியது என்று ஊர் நினைத்துவிடக் கூடாது. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் ராயப்பராஜ். திண்டுக்கல்தான் சொந்த ஊர். கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதுவேன், நாடகங்களுக்குப் படுதா எழுதுவேன். பாஸ்கா நாடகத்தில் ஆண்டவரைத் தூணில் கட்டி அடிக்கிற காட்சிக்கு நான் எழுதிய படுதாவைப் பார்த்து, முன்வரிசைப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதிருக்கிறார்கள். அடித்தவன் நன்றாக நடித்தான் என்று சிலர் சொன்னார்கள். அப்படியில்லை. சுவரில் கறை எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

மலைக்கோட்டைக்குக் கீழே மைதானத்தில் இந்த வருஷம் நைனா முகமது பாய் பொருட்காட்சி எடுத்து நடத்தினார். ராட்டினங்களை அலங்கரிக்க என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தபோது எனக்கு மனசே ஆறவில்லை. மரக்குதிரைகளின் விலாவில் தகர இறக்கை அடித்து, விமானம் என்று எழுதி வைத்திருந்தார்கள். கப்பல் ஊஞ்சலுக்குப் பின்னால் தென்னந்தோப்பு வரைந்திருந்தது. கப்பல் தோப்புக்குள் என்ன செய்கிறது என்று கேட்டேன். பாய் சிரித்துவிட்டு, உம்ம இஷ்டப்படி மாத்தும் என்றார். தோப்பை அழித்துக் கடல் வரைந்தேன். பாய்மரத்தின் மேல் கொஞ்சம் உப்பு படிந்த மாதிரி சாம்பல் நிறம் ஏற்றினேன். ஏறிய ஒருத்தருக்கு வாந்தி வந்தது. அதற்கு முன்னால் அந்த ஊஞ்சலில் யாருக்கும் வாந்தி வந்ததில்லை.

நரகலோகம் மட்டும் முழுக்க என்னுடையது. நீளமான தகரக் கொட்டகை. உள்ளே சாக்குத் துணியை மறைப்பாகக் கட்டி, எண்ணெய் வர்ணம் பூசி, வளைந்து வளைந்து போகிற பாதை. பாதையில் தண்டவாளம், அதன் மேல் நாலு பேர் உட்காரும் வண்டி. ரெட்டியார்சத்திரத்து மலைச்சாமிதான் அந்த வேலையைச் செய்தவன். தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கவலை உருளையைக் கழற்றிக்கொண்டு வந்து, வெளியே நின்று கயிற்றை இழுத்தால் வண்டி நகரும்படி செய்துவிட்டான். நல்ல உழைப்பாளி. அவன் மனைவி சண்முகவள்ளியும் கூட வந்தாள். வைக்கோலையும் மண்ணையும் குழைத்து எமகிங்கரர்களுக்கு உடம்பு பிடித்துக் கொடுத்தது அவள்தான். மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தால், எனக்கென்று தனியாகத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் எடுத்து வைத்திருப்பாள். வேண்டாம் என்றாலும் விடமாட்டாள்.

மைதானத்து வாசலில் ஒரு கரும்பலகை வைத்திருந்தேன். அன்றன்று முடிந்த வேலையைச் சாயந்திரம் அதில் எழுதுவேன். இன்று வைதரணி ஆறு முடிந்தது. இன்று எண்ணெய்க் கொப்பரை ஏறியது. வேலை விட்டுப் போகிறவர்கள் நின்று படிப்பார்கள். நத்தத்திலிருந்து புளி ஏற்றி வந்த வண்டிக்காரர்கள்கூடப் படிக்கத் தெரிந்தவனைப் பிடித்து வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். கொம்பு வளைவு போதாது, நாக்கு சிவப்பாக இல்லை என்று குறை சொல்வார்கள். நியாயமாகப் பட்டதைத் திருத்திவிடுவேன். அவர்கள் பயப்படத் தயாராக இருந்தார்கள் ஐயா. அவர்களை ஏமாற்றக் கூடாது என்ற ஒரே கவலைதான் எனக்கு.

நரகலோகத்தைத் திறப்பதற்கு முன் வெள்ளோட்டம் விட்டோம். முதலில் சண்முகவள்ளி ஏறினாள். உள்ளே போனதும் சிரிக்க ஆரம்பித்தாள். கொப்பரையைப் பார்த்துச் சிரித்தாள், ரம்பத்தைப் பார்த்துச் சிரித்தாள், கடைசி வளைவில் நெருப்பு கக்குகிற எரிவாய்க்கு எதிரே வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரிப்பு கலகலவென்று தகரத்தில் மோதி வெளியே கேட்கும். அதைக் கேட்டு மைதானத்தில் நின்ற கூட்டமும் சிரித்தது. மறுநாளும் அப்படியே. நரகம் நல்ல குஷியான இடம் போலிருக்கே என்று எவனோ சொன்னான்.

பாயிடம் முறையிட்டேன். சிரிச்சுக்கிட்டே வரட்டுமே, அதைக் கேட்டு நாலு பேர் ஏறுவான் என்றார். அவளிடமே பக்குவமாகச் சொன்னேன், தாயி, நரகத்தில் சிரிக்கக் கூடாது என்று.

"பயம் வந்தாத்தானண்ணே கத்துறது?" என்றாள். "அம்புட்டும் நான் பெசஞ்ச மண்ணு. அதப் பாத்து எனக்கென்ன பயம்?"

அவள் சொன்னது நியாயம். குறை அவளிடம் இல்லை, என் வேலையில் இருந்தது. இரண்டு நாள் யோசித்தேன். எரிவாய் என்பது சிவப்புக் காகிதமும் அதன் பின்னால் ஒரு பல்பும்தான். அதைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? காகிதத்தைக் கிழித்தேன். பல்புகளைக் கழற்றினேன். பெரிய மண்சட்டிகளில் கொட்டாங்கச்சிக் கங்கு போட்டு வைத்தேன். வெக்கை முகத்தில் அடித்தது. அதன் பிறகுதான் அந்த இடத்துக்கு ஒரு உயிர் வந்தது.

மலைச்சாமிக்கு அது பிடிக்கவில்லை. சாக்கு, எண்ணெய் வர்ணம், பக்கத்திலே கங்கு, வேண்டாம்ணே என்றான். நான் கேட்கவில்லை என்றதும் எரிவாய்க்கு நேரே தகரத்தை வெட்டி ஒரு பக்கக் கதவு வைத்தான். ஏதாவது ஆனால் ஆட்கள் இறங்கி ஓட வசதியாக இருக்கும் என்றான். அவன் எண்ணத்தில் தப்பில்லை. ஆனால் கதவின் இடுக்கு வழியாக வெயில் கோடு போட்ட மாதிரி உள்ளே விழுந்தது. வெளியே பட்டாணி விற்கிறவன் கால் தெரிந்தது. நரகத்திலிருந்து பார்த்தால் பட்டாணிக்காரன் தெரியலாமா ஐயா? நீங்களே சொல்லுங்கள்.

திறப்பு விழாவுக்கு முந்தைய சாயந்திரம், மலைச்சாமி சாப்பிடப் போயிருந்தபோது அந்தக் கதவை வெளியிலிருந்து ஆணி அடித்து இறுக்கினேன். இடுக்குகளில் தாரைப் பூசினேன். தாரோடு தாராக ஆணித் தலையும் மறைந்துவிட்டது. உள்ளே போய்ப் பார்த்தேன். நல்ல இருட்டு. அதன் பிறகு, கடைசி வளைவில் தண்டவாளத்தின் மேல் ஒரு மர ஆப்பு வைத்தேன். வண்டி எரிவாய்க்கு நேரே நிற்க வேண்டும், அதுவும் சண்முகவள்ளிக்கு மட்டும், கொஞ்ச நேரம். சட்டிகளில் அன்று கங்கு கூடுதலாகப் போட்டிருந்தேன். சாக்குப் படுதாவை ஒரு சாண் கிட்டே இழுத்துக் கட்டினேன், நிழல் ஆடினால் நன்றாக இருக்கும் என்று. வெளியே வந்து கரும்பலகையில் எழுதினேன்: நரகம் முடிந்தது, இனிக் குறை எதுவும் இல்லை.

கடைசி வெள்ளோட்டத்துக்கு அவள் ஏறினாள். மலைச்சாமி முன்பக்கம் கயிற்றை இழுத்தான். நான் பக்கக் கதவுக்கு வெளியே நின்றேன். வழக்கம்போல் சிரித்துக்கொண்டே வந்தாள். வண்டி நின்றது. அப்போதும் சிரித்தாள். கயிறு வரமாட்டேங்குது என்று மலைச்சாமி அங்கிருந்து குரல் கொடுத்தான். சிக்கியிருக்கிறது, நான் பார்க்கிறேன், நீ அங்கேயே நில் என்று சொன்னேன். அவன் நின்றான். நான் சொன்னால் கேட்பான்.

பிறகு அவள் சிரிக்கவில்லை. இருமினாள். வண்டியிலிருந்து இறங்கிக் கதவைத் தட்டினாள்.

"யாரு, ராயப்பண்ணனா? கதவத் தெறங்கண்ணே. பொகையா இருக்கு."

செத்த நேரம் பொறு தாயி என்றேன். எனக்கு வேண்டியது இன்னும் வரவில்லை.

படுதா பற்றிக்கொண்டதை நான் பார்க்கவில்லை. கதவுத் தகரம் சூடேறுவது கையில் தெரிந்தது. அப்போதுதான் அவள் கத்தினாள். நான் இத்தனை வருஷமாக நாடகக் கொட்டகைகளில் நின்றிருக்கிறேன். அப்படி ஒரு குரலை எந்த மேடையிலும் கேட்டதில்லை. மைதானத்தில் ராட்டினம் சுற்றியவன்கூட நிறுத்திவிட்டான். ஒருத்தரும் சிரிக்கவில்லை. என் கைமயிர் சிலிர்த்து நின்றது. கட்டியது எல்லாம் அதது அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

மலைச்சாமி முன்வாசல் வழியாக உள்ளே ஓடியிருக்கிறான். பாதி தூரத்தில் எரிகிற சாக்கு மேலே விழுந்து, திரும்பி வெளியே வந்து, கொட்டகையைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தான். அவன் வரும்போது நான் கதவைத் திறந்துகொண்டிருந்தேன். அதைத்தான் அவன் பார்த்தான். ஆஸ்பத்திரியில் இரண்டு கையிலும் கட்டுப் போட்டுக்கொண்டு, ராயப்பண்ணன் இல்லாட்டி உடம்புகூடக் கிடைச்சிருக்காது என்று உங்களிடம் சொன்னானாம். நேற்று நான் பார்க்கப் போனபோதும் அழுதான். கட்டுப் போட்ட கையால் என் கையைத் தொட்டான். அவனுக்கு ஆணி தெரியாது. சூட்டில் கதவு இறுகிவிட்டது என்று நினைக்கிறான். சாம்பலைக் கிளறிப் பார்த்தால் ஆணிகள் கிடைக்கும், எடுத்துக்கொள்ளுங்கள்.

சுத்தியல் எங்கே இருந்தது என்று கேட்கிறீர்கள். என் கையில்தான் இருந்தது. தொடக்கத்திலிருந்தே இருந்தது. ஆனால் அவள் சாக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை, ஐயா. சத்தம் நின்ற மறு நிமிஷமே ஆணிகளைப் பிடுங்கிவிட்டேன்.