நனைந்த டேப்

— பேனாவை மூடி வைங்க டாக்டர் தம்பி. இன்னொரு ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்னு பெரிய டாக்டர்கிட்டயே சொல்லிட்டேன்.

— அவர்தான் என்னை அனுப்பினார்மா. போன தடவை உங்களுக்கு மயக்க மருந்து கொடுத்தது நான். தோள்ல வச்ச பிளேட்டுல ஒரு ஸ்க்ரூ கழண்டிருக்கு. திரும்ப வைக்கலைன்னா கை மேல வராது.

— எனக்குத் தெரியாதா? முப்பது வருஷமா தைக்கிறவ. நேத்து கத்திரியைத் தூக்கிப் பாத்தேன், கீழ போட்டுட்டேன்.

— அப்புறம் என்ன பயம்?

— போன தடவை நான் தூங்கல.

— மயக்கம் தெளியறப்ப சில பேருக்குக் கனவு மாதிரி வரும்மா.

— கனவுல வந்து, குளியலறைக்கு என்ன டைல்ஸ் போடலாம்னு பெரிய டாக்டர் கேப்பாரா? வழுக்காததா பாத்து வாங்குங்கன்னு நர்ஸம்மா சொன்னாங்க. என் எலும்புல துளை போட்டுக்கிட்டேதான் இந்தப் பேச்சு. என்ன, மூஞ்சி வெளுத்துப்போச்சு? உக்காருங்க.

— வலிச்சுதாம்மா?

— ரெண்டு பிள்ளை பெத்தவ நான். அதெல்லாம் ஒரு வலியான்னு ஆயிடுச்சு. கத்தலாம்னா வாய்க்குள்ள குழாய். விரலையாவது ஆட்டலாம்னா அது என் பேச்சைக் கேக்கல.

— உடம்பு அசையாம இருக்க தனியா ஒரு மருந்து தருவோம்.

— நல்லா தந்தீங்க. ஆனா ஒருத்தருக்குத் தெரிஞ்சுபோச்சு.

— யாருக்கு?

— என் கண்ணை டேப் போட்டு ஒட்டியிருந்தீங்கல்ல. அழுது அழுது டேப் நனைஞ்சு விட்டுப்போச்சு. அப்ப ஒரு கை வந்து ரெண்டு கண்ணையும் துடைச்சு விட்டுது. அவ்வளவு பதமா, பட்டுத்துணியைத் தொடற மாதிரி. சரி, ஒரு ஆளுக்காவது நம்ம பாடு தெரிஞ்சுது, இனி பாத்துப்பாங்கன்னு மனசு கொஞ்சம் நின்னுது. இல்லைன்னா அங்கயே எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கும். என் வீட்டுக்காரர்கிட்டகூட இதைச் சொல்லல.

— அம்மா...

— அந்த ஆள் யாருன்னு சொல்லுங்க. அவங்க என் தலைமாட்டுல இருந்தா இப்பவே கையெழுத்துப் போடறேன்.

— தலைமாட்டுல இருந்தது நான்தாம்மா. துடைச்சதும் நான்தான்.

— அட, முதல்லயே சொல்றதுக்கு என்ன? கொடுங்க பேப்பரை. இங்கயா? இடது கை, கோணலாத்தான் வரும். ஆச்சு. தோள் சரியானதும் உங்களுக்கு ஒரு சட்டை தச்சுத் தரேன். போட்டிருக்கிறது தோள்பட்டையில தொங்குது, எந்தப் புண்ணியவான் தச்சானோ.

— அம்மா, எனக்குத் தெரியாது.

— அளவு நான் எடுத்துக்கறேன், அதை விடுங்க.

— நீங்க அழுதது எனக்குத் தெரியாது. கண்ணுல தடவின களிம்பு உருகி வழியுதுன்னு நெனச்சேன். துடைச்சுட்டு, புது டேப் எடுத்து ஒட்டினேன். அவ்வளவுதான்மா.

— களிம்பா?

— மயக்கத்துல இருக்கறவங்களுக்கு வலி ஏறுதான்னு காட்ட ஒரு மெஷின் இருக்கு. அதுல நம்பர் ஏறி, அது கத்துச்சு. துளை போடற ஆட்டத்துல விரல்ல மாட்டின கிளிப் நகர்ந்திருக்கும்னு நானே சத்தத்தை அமுக்கினேன். அதுக்கு முன்னால உங்க பிரஷர் இறங்கிச்சுன்னு மயக்க வாயுவைக் குறைச்சிருந்தேன். திரும்ப ஏத்த மறந்துட்டேன். கவனிக்கறதுக்குள்ள பன்னிரண்டு நிமிஷம் ஆயிடுச்சு.

— அப்போ அன்னைக்கே உங்களுக்குத் தெரியும்.

— சந்தேகம் இருந்துச்சு. கேக்கணும்னு மறுநாள் வார்டு வாசல் வரைக்கும் வந்தேன். நீங்க யார்கூடவோ சிரிச்சுப் பேசிட்டிருந்தீங்க. அப்போ ஒண்ணும் ஆகலைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டுத் திரும்பிட்டேன். அந்தச் சிரிப்பைப் பிடிச்சுக்கிட்டேன்மா. வெக்கமா இருக்கு.

— ம்.

— அந்தப் பேப்பரைக் கிழிச்சுப் போடுங்க. வேற டாக்டரை ஏற்பாடு பண்றேன். நடந்ததைப் பெரிய டாக்டர்கிட்ட இன்னைக்கே எழுதிக் கொடுத்துடறேன்.

— எழுதிக் கொடுங்க. ஆனா கிழிக்க வேண்டாம், எனக்குக் கை வேணும். நீங்களே வாங்க. இனிமே நீங்க எந்தச் சத்தத்தையும் அமுக்க மாட்டீங்க.

— மாட்டேன்மா. மன்னிச்சிடுங்க.

— உண்மையைச் சொன்னீங்க. நல்லதுதான். நல்லதுதான், ஆனா...

— சொல்லுங்கம்மா.

— இருபது நாளா கண்ணை மூடினா அந்தத் துளை போடற சத்தம்தான். அப்பல்லாம் கண்ணைத் துடைச்ச கையை நெனச்சுக்குவேன், தூக்கம் வந்துடும். இனிமே எதை நெனச்சுத் தூங்கறது தம்பி?