விஷம் வைக்காத வீடு

எறும்புக்கு விஷம் வைப்பவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது, மேடம். எறும்பு என்ன பாவம் செய்தது? சிந்திய சர்க்கரையைத் துடைக்காமல் விட்டது நாம். அது வந்த வழியை வினிகர் தொட்ட துணியால் ஓர் இழுப்பு இழுத்தால் போதும். வாடை பிடிபடாமல் வந்த வழியே திரும்பிவிடும். யாரும் சாக வேண்டியதில்லை.

என் அடுக்களையில் இருந்த பாட்டில்களை எல்லாம் வாரிக்கொண்டு போனீர்கள். எலுமிச்சைத் தோல் ஊறிய வினிகர் ஒன்றில், சோப்புத் தண்ணீர் ஒன்றில், டப்பாவில் சமையல் சோடா. பரிசோதனை செய்கிறவர்கள் பாவம், மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார்கள். ஒன்றும் கிடைக்காது. திருப்பித் தரும்போது மூடியை இறுக்கித் தரச் சொல்லுங்கள்.

நான் வாயைத் திறப்பதே இந்த விஷப் பேச்சால்தான். நாத்தனாருக்கு நான் விஷம் வைத்துவிட்டேனாம். மாடிப்படி முழுக்க இதே பேச்சு. 'வினிகர் அக்கா, வினிகர் அக்கா' என்று கூப்பிட்டு, குழாயில் படிந்த உப்புக் கறைக்கும் துணியில் பட்ட எண்ணெய்க்கும் என்னிடம் பக்குவம் கேட்டுப் போனவர்கள்தான் பேசுகிறார்கள். நன்றி கெட்டதுகள். விஷம் என் வீட்டு வாசற்படியைத் தாண்டி வந்தது ஒரே ஒரு தடவை. அதைக் கொண்டுவந்ததும் நாத்தனார்தான்.

என் கணவருக்குச் சரக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி நாள் கடலில் இருப்பார். அவருடைய அக்கா ஒரு பெட்டியோடு, ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தார். வந்த அன்றே மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"சமையக்கட்டா இது, சோடாக் கடையா? ஊரெல்லாம் கடையில வாங்கித் தெளிக்குது. நீ ஒருத்திதான் துணியக் கையில வச்சுக்கிட்டு அலையற."

நான் சிரித்துக்கொண்டேன். படுக்கையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றார். தூள் உதிர்ந்தது, எறும்பு வந்தது. என் வீட்டில் எறும்பு வரிசையைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. நான் துணியை எடுப்பதற்குள், பெட்டியிலிருந்து பூச்சி மருந்து டப்பாவை எடுத்து, அடுக்களை மேடைமேல், கவிழ்த்து வைத்திருந்த தட்டுகள்மேல், புஸ்ஸென்று அடித்தார். அந்தத் தட்டுகளை நான் எத்தனை முறை கழுவினேன் தெரியுமா? இன்னும் அந்த வாடை என் மூக்கில் இருக்கிறது.

பிறகு ஒரு நாள் போனில் தம்பியிடம் பேசுவது கேட்டது. "இனிமே நான் இங்கதான்டா இருக்கப் போறேன். ஒம் பொண்டாட்டிக்கும் தொணையாச்சு." அவர் சரி என்றிருக்கிறார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பார்த்துப் பார்த்துத் துடைத்த வீடு, மேடம்.

அடுத்த வாரமே குளியலறையில் விழுந்து காலை உடைத்துக்கொண்டார். அதில் எனக்குப் பங்கில்லை. இருந்தால் சொல்லியிருப்பேன், எனக்கென்ன பயம்? இடுப்புவரை மாவுக்கட்டு. காலை ஊன்றவே கூடாது என்றார் டாக்டர். "அக்காவ நல்லாப் பாத்துக்க" என்றார் கணவர். பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

கரப்பானுக்கும் எலிக்கும் நான் செய்வது ஒன்றுதான். தின்ன எதுவும் வெளியே கிடக்கக் கூடாது. தொட்டியில் சொட்டு ஈரம் இருக்கக் கூடாது. தின்னவும் குடிக்கவும் இல்லாத வீட்டில் அதற்கு என்ன வேலை? தானாகப் போய்விடும். ஒன்றே ஒன்றில்தான் கவனம் வேண்டும். பொந்தை அவசரப்பட்டு அடைக்கக் கூடாது. போவதற்கு ஒரு வழி விட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளேயே செத்து நாறும். பக்கத்து வீட்டுக்காரிக்கு இதைச் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது.

கட்டிலடியில் இருந்த பிஸ்கட் டப்பாவை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். தண்ணீர்ச் சொம்பைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்தேன். அவருடைய போனையும் எடுத்து ஒளித்துவிட்டேன். பார்க்க வந்தவர்களிடம், "மாத்திரை போட்டுத் தூங்கறாங்க, எழுப்ப வேணாம்" என்றேன். கணவர் கூப்பிட்டபோதும் அதையேதான் சொன்னேன். வழியைத் துடைத்துவிட்டால் வரிசை நின்றுவிடும் என்றேனே, அது மனிதர்களுக்கும் சரியாக இருந்தது.

முதலில் சத்தம் அதிகமாகத்தான் இருக்கும். எலியும் அப்படித்தான். கரண்டியால் கட்டிலைத் தட்டினார். பக்கத்து வீட்டுக்காரி வந்து, "என்னக்கா, டொக்கு டொக்குன்னு கேக்குது?" என்றாள்.

"எலிதான். வழி பண்ணிட்டேன், போயிடும்" என்றேன்.

"மறக்காம எனக்கும் சொல்லிக் குடுங்கக்கா" என்று போனாள். இன்றைக்கு அவள்தான் உங்களிடம் அழுதுகொண்டு சாட்சி சொன்னதாகக் கேள்வி.

நாத்தனார் திட்டினார், பிறகு கெஞ்சினார். "தாயே, ஒரு வாய் தண்ணி குடும்மா. நான் ஊருக்கே போயிடறேன்" என்றார். அந்த வார்த்தையைத்தான் அவர் வந்த நாளிலிருந்து நான் எதிர்பார்த்திருந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

"போங்க அண்ணி, யாரு தடுத்தா? கதவு தெறந்துதானே இருக்கு" என்றேன்.

அது பொய்யில்லை. அறைக் கதவும் திறந்திருந்தது, வாசல் கதவும் தாழ்ப்பாள் போடாமல்தான் இருந்தது. சத்தம் நின்ற பிறகு சுற்றிலும் சோடாவைத் தூவினேன். சோடா வாடையை இழுத்துக்கொள்ளும். மாவுக்கட்டைப் பார்க்க வந்த ஆஸ்பத்திரிக்காரர்தான் கூச்சல் போட்டு ஊரைக் கூட்டினார். நான் வாசலிலேயே, செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொல்லியிருந்தேன். கேட்கவில்லை.

ஆமாம், நான்தான் செய்தேன். சோறு கொடுக்கவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை, சாகும்வரை கொடுக்கவில்லை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் விஷம் என்று ஒரு வார்த்தை அதில் இருக்கக் கூடாது. அடைத்து வைத்தேன் என்றும் எழுதக் கூடாது. போக வழி விட்டேன், அவர் போகவில்லை, அவ்வளவுதான்.

கால் ஒடிந்தவர் எப்படிப் போவார் என்று கேட்கிறீர்கள். நீங்களே பார்த்தீர்களே மேடம், எங்கே கிடந்தார் என்று. அடுக்களை வாசல்வரை ஊர்ந்து வர மட்டும் முடிந்ததா?