மாப்பிள்ளையின் கம்ப்யூட்டர்

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்குத் தூக்கம் வராது. அலுவலகத்தில் மற்றவர்கள் மேசையில் தலைசாய்த்துக் கண்ணயர்வார்கள். நான் மட்டும் கொட்டக் கொட்ட விழித்திருப்பேன். சும்மா உட்கார்ந்திருக்கவும் எனக்கு வராது. தொடக்கம் அவ்வளவுதான் இன்ஸ்பெக்டர் ஐயா, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரே தங்கை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு கண்ணுக்குக் கண்ணாக வளர்த்துக் கல்யாணமும் செய்துவைத்தேன். மாப்பிள்ளை கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவர். நல்ல மனிதர், ஒரு குறையும் சொல்ல மாட்டேன். சிரிக்கும்போது பல் கொஞ்சம் அதிகமாகத் தெரியும், அவ்வளவுதான். கல்யாணத்துக்குப் பிறகு தங்கையிடம் எதைக் கேட்டாலும், "அவரைக் கேட்டுச் சொல்றேண்ணா" என்பாள். நான் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதே இல்லை.

மாப்பிள்ளையின் வரைபடங்களெல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தன. அலுவலகத்திலிருந்தபடியே அவற்றை எடுக்க வழி உண்டா என்று கேட்டார். நெட்வொர்க் பார்ப்பதுதான் என் பிழைப்பு, செய்துகொடுத்தேன். கம்ப்யூட்டர் தூங்கினாலும் பின்பக்கம் கேபிள் செருகியிருக்கும் இடத்தில் ஒரு சிறு விளக்கு மினுங்கிக்கொண்டே இருக்கும், பார்த்திருப்பீர்கள். அது கோழித் தூக்கம். அதன் முகவரியைப் பதினாறு முறை அடுக்கி இணையம் வழியாக அனுப்பினால், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்துவிடும். வேறு யாரைக் கூப்பிட்டாலும் அசையாது.

மாப்பிள்ளை தினமும் மத்தியானம் அப்படி எழுப்புவார். மின்விசிறி உறுமத் தொடங்கியதும் தங்கை சமையலறையிலிருந்தே அதனிடம் ஏதாவது பேசிச் சிரிப்பாள். அது அவர்களுக்குள் ஒரு விளையாட்டு. நானே ஒருநாள் அங்கே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

போன வருஷம் அவர் அலுவலக நாற்காலியிலேயே மாரடைப்பில் போய்விட்டார். எல்லாம் முடிந்ததும் தங்கையை என் வீட்டுக்கு வரச் சொன்னேன். நான் தனிக்கட்டை. மாடியில் அவளுடைய பழைய அறை அப்படியே இருந்தது. புதுத் திரைச்சீலைகூடப் போட்டுவைத்தேன். அந்த வீட்டை விட்டு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

ஒரு மத்தியானம் என் மேசையிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரை எழுப்பினேன். பயமுறுத்தத்தான் செய்தேன், மறைக்கவில்லை. சின்ன வயதில் இடி இடித்தால் என்னிடம்தான் ஓடி வருவாள். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"அண்ணா, அவரோட கம்ப்யூட்டர் தானா எழுந்திருக்கு."

"பழைய மெஷின்மா, அப்படித்தான் இருக்கும். தனியா இருக்கப் பயமா இருந்தா இங்க வந்துடு."

"பயமா? எதுக்கு?" என்றாள். அவள் குரலில் அந்தத் தெளிவைக் கேட்டு வெகுநாளாகியிருந்தது. "பைத்தியம்னு நினைக்காதே. அவருதாண்ணா வந்திருக்காரு."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் அழுகையை நிறுத்தியிருந்தாள். அழுகிற தங்கையைச் சிரிக்க வைத்தது குற்றமென்றால் நான் குற்றவாளிதான்.

பிறகு தினமும் எழுப்பினேன். அதில் மைக்கும் கேமராவும் இருந்தன. அவளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ள அவை போதும். தலைவாரிக்கொண்டு வந்து எதிரே உட்காருவாள். குழாய் ஒழுகுவது, பக்கத்து வீட்டுக்காரி சண்டை போட்டது என்று என்னிடம் சொல்லாததையெல்லாம் அதனிடம் சொல்வாள். ஒருநாள், "அண்ணா பாவங்க, அவருக்கு நம்மள விட்டா யாரு இருக்கா?" என்றாள். அந்த 'நம்மள' என்பதில் நான் இல்லை. செத்தும் கெடுத்தான் என்று வேடிக்கையாகச் சொல்வார்களே, அதுதான் நினைவுக்கு வந்தது. நான் மாடாக உழைத்து வளர்த்தவள், செத்துப்போன ஒருவரோடு சேர்ந்து எனக்காகப் பரிதாபப்படுகிறாள்.

அப்புறம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது, விடாத இருமல். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அவள் இருமுவதை மைக்கில் கேட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. டாக்டரிடம் போகச் சொல்லி நான்தான் அனுப்பினேன். நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது, தாமதிக்காமல் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், சேர்ந்தால் குணமாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நானும் போனில் கெஞ்சினேன். யோசிக்கிறேன் என்றாள். யாரோடு சேர்ந்து யோசிப்பாள் என்பது எனக்குத் தெரியும்.

அன்று மத்தியானம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சொன்னாள்: "சேரச் சொல்றாங்க. உங்கள விட்டுட்டுப் போக மனசு வரல. நாளைக்குக் காலையில நீங்க எழுந்து வந்தா, போன்னு அர்த்தம். போயிடறேன். வரலைன்னா வேண்டாம்னு எடுத்துக்கறேன்."

ஒவ்வொரு வார்த்தையும் என் காதில் விழுந்தது. மறுநாள் காலை நான் எழுப்பவில்லை.

யோசித்துப் பாருங்கள். எழுப்பியிருந்தால் மாப்பிள்ளை சொல்லி அவள் பிழைத்ததாக அல்லவா ஆகியிருக்கும்? அண்ணன் கெஞ்சியதற்கு மதிப்பென்ன? காலையில் போன் செய்து கேட்டேன். "அவரு வேண்டாங்கறாருண்ணா" என்றாள். "உன் இஷ்டம்மா" என்றேன். பெரியவளான பெண்ணை வற்புறுத்துவது சரியில்லை.

அடுத்து வந்த நாட்களிலும் எழுப்பவில்லை, போனும் செய்யவில்லை. அவர் வருவது நின்றுபோனால் என்னிடம் வந்துவிடுவாள் என்று காத்திருந்தேன். மாடி அறையில் படுக்கை விரித்துவைத்தேன். வரவில்லை. கடைசியில் மனசு கேட்காமல், எப்படி இருக்கிறாள் என்று பார்ப்பதற்காக எழுப்பினேன்.

அந்த நாற்காலியிலேயே போர்வையைச் சுற்றிக்கொண்டு இருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. திரை வெளிச்சம் முகத்தில் பட்டதும் கண்ணைத் திறந்தாள். "இப்பப் போகட்டுமா?" என்று கேட்டாள். மேசையிலிருந்த போனை எடுக்கக் கையை நீட்டினாள்.

கேள்வி என்னிடம் கேட்கப்பட்டதல்ல. கம்ப்யூட்டரை மறுபடி தூங்க வைத்துவிட்டேன். நீங்கள் கதவை உடைத்து உள்ளே போனபோது போன் மேசை மேலேயே இருந்ததாகச் சொன்னீர்கள். அப்படியானால் அவள் கையை இழுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

அவளை நான் கைவிட்டதாக மட்டும் எழுதாதீர்கள் ஐயா. போன் முழுக்கச் சார்ஜில் என் பக்கத்திலேயே வைத்திருந்தேன். ஒரு தடவை என்னைக் கூப்பிட்டிருந்தால் ஓடிப் போயிருப்பேன்.