என் முறைக்குப் போனவன்

அணுமின் நிலைய வேலை எப்படி என்று ஊரில் பையன்கள் கேட்டால் நான் நல்லபடியாகத்தான் சொல்வேன். டிப்ளமோ முடித்துப் பயிற்சிக்கு வந்தால் டெக்னீஷியன் ஆகலாம். குவார்ட்டர்ஸ் உண்டு. கேன்டீனில் மீன் குழம்பு நன்றாக இருக்கும். பரீட்சையில் தேறினால் சூப்பர்வைசர். நான் அதில் மூன்றாம் முறை எழுதித் தேறினேன். அதே வருடம் தமிழழகன் முதல் முறையே தேறினான். இருந்தது ஒரே இடம், அது அவனுக்கு என்று முடிவானது. போலீஸ் ஸ்டேஷனுக்கு நான் வந்திருப்பது அவனைப் பற்றிச் சொல்லத்தான், சார்.

அவன் கல்வராயன் மலைக்காரன், நான் தியாகதுருகம். சின்னசேலத்தில் ஒன்றாகப் படித்தோம். இந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அவனுக்குச் சொன்னதே நான்தான். மலையில் சிக்னல் கிடைக்காது என்று பஸ் ஏறிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அதை யாரும் பேசுவதில்லை. அவன் தேறியதைத்தான் பேசினார்கள். என் அம்மா லட்சுமியம்மாள் அவன் பெயரில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க ஒன்றுமில்லை.

கதிர்வீச்சு உள்ள பகுதிக்குள் போகிறவர்கள் சட்டையில் ஒரு பேட்ஜ் குத்திக்கொள்வோம். உடம்பில் எவ்வளவு பட்டது என்று அது காட்டிக்கொடுக்கும். வேலை முடிந்ததும் வாசல் பலகையில் அவரவர் பெயருக்கு நேரே மாட்டிவிடுவோம். பிறகு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அளவு எகிறினால் அந்த ஆளை உள்ளே விடமாட்டார்கள். அங்கே பேட்ஜ் சொல்வதுதான் வேதவாக்கு.

ஒரு நாள் உள்ளே போகும் முறை என்னுடையது. எனக்குக் காய்ச்சல். "நீ குந்திக்கினு இருடா ஜீவா, நான் போய்ட்டு வந்துர்றேன்" என்று அவன் போனான். நல்லபடியாகத்தான் வந்தான். பேட்ஜை மாட்டிவிட்டுக் கிளம்பினான். மீட்டர்களைச் சோதிக்கும் அறை என் பொறுப்பு. அதற்கென்று அங்கே ஈயப் பெட்டிக்குள் கதிர்வீச்சு சோர்ஸ் ஒன்று இருக்கும். அவன் பேட்ஜை எடுத்துப் போய், பெட்டியைத் திறந்து அதன் முன்னால் வைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து, திரும்ப மாட்டினேன். பட்டதெல்லாம் பேட்ஜுக்குத்தான். மனிதனுக்கு ஒரு தீங்கும் வராதபடி பார்த்துக்கொண்டேன்.

முடிவு வந்ததும் அவனை ஸ்டோருக்கு மாற்றினார்கள். ரத்தம் எடுத்து அனுப்பினார்கள், அதற்குப் பதில் வர மாதக்கணக்காகும் என்றார்கள். சூப்பர்வைசர் இடம் எனக்கு வந்தது.

அவன் மனைவி சுபஸ்ரீ அப்போது முழுகாமல் இருந்தாள். கல்யாணமாகி வெகு காலம் காத்திருந்து தரித்த பிள்ளை. குழந்தைக்கு ஒன்றும் ஆகாது என்று நிலையத்து டாக்டர் சொல்லியிருந்தார். இருந்தும் அவன் என்னிடம் வந்தான்.

"அவரு ஆபீஸ் ஆளு, அப்டித்தான் சொல்லுவாரு. நீ சொல்லுடா. கொழந்தைக்கு இன்னா ஆவும்?"

"நானா இருந்தா பயப்படுவேன்" என்றேன்.

அது பொய்யில்லை. நான் எதற்கும் பயப்படுகிறவன். அந்த வாரமே கள்ளக்குறிச்சிக்குப் போய்க் கலைத்துவிட்டார்கள். முடிவு அவர்கள் எடுத்தது. துணைக்கு நானும் போயிருந்தேன். சுபஸ்ரீக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தேன்.

பிறகு அவன் ரத்தப் பரிசோதனைக்குப் பதில் வருமுன்பே வேலையை விட்டுவிட்டு மலையில் மரவள்ளி போட்டான். அதோடு முடிந்திருக்கும். என் அம்மாதான் ஒரு நாள் கேட்டாள்.

"தமிழு டோஸ் வாங்கிட்டான்னு சொல்றாங்களே, எந்த ஆபீசருடா திட்டுனாரு?"

எங்கள் பக்கம் டோஸ் என்றால் திட்டு, நிலையத்தில் அது உடம்பில் பட்ட கதிர்வீச்சின் அளவு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "திட்டு இல்லம்மா, கதிர்வீச்சு. என் முறைக்கு அவன் உள்ள போனான், அன்னிக்குப் பட்டது" என்றேன். ஆபீசில் எல்லோரும் நம்பியதைத்தான் நானும் சொன்னேன். அம்மா அதைத் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் இளைஞர் மன்றத்தில் அவனுக்குப் பாராட்டு விழா. கூட்டாளிக்காக உயிரையே பணயம் வைத்தவன் என்று பேசினார்கள். சால்வை போர்த்த என்னைக் கூப்பிட்டார்கள். சூப்பர்வைசர் என்று ஒருவரும் சொல்லவில்லை. தமிழழகன் காப்பாற்றிய ஜீவா என்று மைக்கில் சொன்னார்கள். என் ஊரில், என் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து அவனுக்காக அழுகிறாள். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ நல்லா இருந்தா போதும்டா. சுபாவும் அதான் சொல்லுது" என்றான்.

அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. மனசாட்சி உறுத்தி வந்ததாக நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். குழந்தை விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு, அது வேறு. செய்யாத தியாகத்துக்கு ஒருவனை ஊர் கொண்டாடுவது நியாயமில்லை, அவ்வளவுதான். பேட்ஜை சோர்ஸ் முன்னால் வைத்தவன் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். என் அம்மாவிடம் மட்டும் நீங்களே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள், சார், தமிழழகன் யாரையும் காப்பாற்றவில்லை என்று.